இரண்டு வில்லைகள், ஒரு ரப்பர் பேண்டு

தங்கை அக்காவுக்கு வைத்திருந்த பெயர் லாக்கர். பெயரில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. முன்பின் தெரியாத அந்த நாட்டில் பன்னிரண்டு நாளாக இருவரும் முதுகில் மூட்டையைச் சுமந்துகொண்டு கோட்டை கோட்டையாக ஏறி இறங்குகிறார்கள். இரண்டு பேருடைய பாஸ்போர்ட், இரண்டு பேருடைய விமான டிக்கெட், விடுதி அறைச் சாவி, வயிற்றுவலி மாத்திரை, தங்கையின் மூக்குக்கண்ணாடிக் கூடு வரைக்கும் எல்லாம் அக்காவின் இடுப்புப் பையில் இருந்தன. தங்கை ஒன்றும் பச்சைக் குழந்தை இல்லை. முப்பத்தொரு வயது, ஒரு கட்டட வரைபட அலுவலகத்தில் நாலு பேரை மேய்க்கிற வேலை. அதெல்லாம் அக்காவிடம் எடுபடுமா? "என்கிட்ட இருந்தா என்ன, உன்கிட்ட இருந்தா என்ன" என்பாள், ஜிப்பை இழுத்து மூடுவாள், பேச்சு அதோடு முடிந்தது.

அக்காவின் தொழில் அப்படி. ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக டெக்னீஷியன். ஒரு நோயாளியிடம் எடுத்த ரத்தக் குழாய்கள் இரண்டோ மூன்றோ, எத்தனை இருந்தாலும் ஒரு ரப்பர் பேண்டு போட்டுச் சேர்த்துக் கட்டிவிடுவாள். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு குழாய் மாறியதில்லை. புதிதாக வேலைக்கு வருகிற பெண்களை முதல் நாளே நிற்கவைத்துச் சொல்லிவிடுவாள்: ஒரு ஆளுக்கு ஒரு ரப்பர் பேண்டு, ரெண்டு ஆளைச் சேர்த்துக் கட்டினா யாராவது ஒருத்தர் போய்ச் சேர்ந்துடுவாங்க, நினைவு வெச்சுக்கோ. அந்தப் பெண்கள் அவள் முதுகுக்குப் பின்னால் இதைச் சொல்லிக் காட்டிச் சிரிப்பார்கள். ஆனாலும் ஒருத்தியும் மாற்றிக் கட்டியதில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. தங்கைக்கு ஆறு வயதாக இருந்தபோது, பதினேழு வயது அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனவள் கூட்டத்தில் கை நழுவிக் காணாமல் போய்விட்டாள். இரண்டு மணி நேரம். கடைசியில் ஒரு தையல்காரர் கடையில் துணி மூட்டைமேல் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தவளைக் கண்டுபிடித்தார்கள். தங்கை அதை அன்றைக்கே மறந்துவிட்டாள். அக்கா இன்றும் கூட்டத்தைக் கண்டால் தங்கையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாள்.

அன்று காலை விடுதியில் பாஸ்போர்ட் சண்டையைத்தான் மறுபடி ஆரம்பித்தார்கள். நாளை மறுநாள் ஊருக்கு விமானம். தங்கை வரவில்லை என்றாள். வடக்கே மலைக்குமேல் இடிந்த காவல் கோட்டைகள் வரிசையாக இருக்கின்றனவாம். மூன்று வாரம் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வருவாளாம், அலுவலகத்தில் லீவும் சொல்லிவிட்டாளாம். அக்கா அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. குனிந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே இருந்தாள். தங்கை கையை நீட்டி, பாஸ்போர்ட்டைக் கொடு என்றாள். மூன்றாவது தடவை.

"சாயங்காலம் தர்றேன்" என்றாள் அக்கா. தரும் எண்ணம் துளியும் இல்லை. அது தங்கைக்கும் தெரியும்.

"லாக்கரை ஒடைச்சுத்தான் எடுக்கணும் போல" என்று தங்கை சிரித்தாள். ஆனால் அந்தச் சிரிப்பு கண்ணுக்கு வரவில்லை.

ஊரைச் சொல்ல வேண்டுமே. சீசன் முடிந்துபோன ஊர். மலைச்சரிவில் ஒன்றின் தலைமேல் ஒன்றாகக் கல்வீடுகள். பாதிக் கடைகளில் ஷட்டர் இறங்கியிருந்தது. மீதிக் கடைக்காரர்களும் பொம்மைக் கோட்டைகளைச் செய்தித்தாளில் சுற்றிப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வானம் மூன்று நாளாக ஈரத் துணி மாதிரி தொங்குகிறது, பெய்து தொலைக்கவும் இல்லை. அக்காவுக்குக் காலையிலிருந்தே மனசு சரியில்லை. சண்டையினால்தான் என்று நினைத்துக்கொண்டாள். அரண்மனையைப் பார்த்தார்கள், அது பாதி இடிந்திருந்தது. ஆயுதக் கூடத்தைப் பார்த்தார்கள், அங்கே காவலுக்கு இருந்த பெண்மணி இவர்கள் வெளியே வரும்முன்பே விளக்கை அணைக்க ஆரம்பித்துவிட்டாள். "நம்மள வெரட்டுறதுல என்ன ஒரு சந்தோஷம் பாரு" என்று தங்கை முணுமுணுத்தாள். இன்னும் பாக்கி இருந்தது ஒன்றே ஒன்று. கோட்டை முற்றத்துக்கு அடியில் இருக்கும் பழைய நீர்த்தொட்டி.

தொட்டி என்றால் வீட்டுத் தொட்டி இல்லை. எந்தக் காலத்து ராஜாவோ முற்றுகைக்குப் பயந்து, மலையைக் குடைந்து, நூறு தூண்களை நிறுத்தி, ஊருக்கே தண்ணீர் தேக்கி வைத்த இடம். இன்றைக்கும் ஊர்க் குழாய்க்குத் தண்ணீர் அங்கிருந்துதான் போகிறது. காலையில் வற்றவிட்டு, பகலில் பார்வையாளர்களை உள்ளே விடுவார்கள். மூன்று மணிக்கு மணியடித்து எல்லோரையும் மேலே ஏற்றிவிட்டு மறுபடி தண்ணீரைத் திறந்துவிடுவார்கள்.

வாசலில் காவலாளியின் சிறிய அறை. சுவரில் ஆணி அடித்த பெரிய பலகை, நாற்பது ஆணி, ஒவ்வோர் ஆணியிலும் எண் பொறித்த பித்தளை வில்லை. பக்கத்தில் தண்ணீரைத் திறந்து மூடும் சிவப்பு வண்ணம் பூசிய இரும்புச் சக்கரம், பஸ் ஸ்டியரிங்கைவிடப் பெரியது. உள்ளே இறங்கும் ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு வில்லை. வெளியே வரும்போது திருப்பித் தர வேண்டும். பலகையின் கீழே ஏதோ எழுதியிருந்தது. தங்கை போனைக் காட்டி மொழிபெயர்த்துப் பார்த்தாள். போன் தன் பங்குக்கு இப்படிச் சொன்னது: "அனைத்து வட்டங்களும் வீடு திரும்பிய பின் தண்ணீர் விழும். கால் மணியில் கழுத்து."

தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. பலகையில் ஒன்பதாம் ஆணியில் மட்டும் வில்லை இல்லை. ஆணியைச் சுற்றிக் கறுப்பு வண்ணம் அடித்து, அதில் காய்ந்துபோன ஒரு சின்னப் பூங்கொத்தைத் தொங்கவிட்டிருந்தார்கள். யாருடையது, எப்போது என்று கேட்க மொழி இல்லை. காவலாளி, முழங்கால்வரை மழைக்கோட்டு போட்டிருந்த, அறுபதைத் தொட்ட மனிதர், அவள் பார்வை போன இடத்தைக் கவனித்தார். பதினேழாம் எண் வில்லையை எடுத்துத் தங்கையின் உள்ளங்கையில் வைத்தார், அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார். பதினெட்டை அக்காவின் கையில் வைத்து அதேபோல மூடினார். உன்னுடையது உன் கையில் என்று அர்த்தம். இதைப் புரிந்துகொள்ள மொழி தேவையே இல்லை.

அப்படியும் நாலு படி இறங்கியதும் அக்கா கையை நீட்டினாள். "குடு, தொலைச்சுடுவ."

தங்கை ஒரு கணம் அவளையே பார்த்தாள். பாஸ்போர்ட்டுக்கு நடந்த சண்டையே போதும், வில்லைக்கும் ஒரு சண்டையா என்று தோன்றியிருக்க வேண்டும். கொடுத்துவிட்டாள். அக்கா இரண்டு வில்லைகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, மணிக்கட்டில் எப்போதும் கிடக்கும் ரப்பர் பேண்டுகளில் ஒன்றைக் கழற்றி, இரண்டு சுற்றுச் சுற்றிப் பைக்குள் போட்டாள். கை தானாகச் செய்தது. மனசு வேறெங்கோ இருந்தது.

ஐம்பத்திரண்டு படி. கீழே போகப் போகக் குளிர் எலும்பில் ஏறியது. தூண்கள் வரிசை வரிசையாக இருட்டுக்குள் போய் மறைந்தன. நடுவே பலகைப் பாதை, அதற்கு அடியில் கணுக்கால் அளவுத் தண்ணீர், அங்கங்கே மங்கலான மஞ்சள் விளக்கு. பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட ஒரு சுற்றுலாக் கூட்டம் முன்னால் கிசுகிசுத்துக்கொண்டு போனது. அந்த இடத்தில் யாராலும் உரக்கப் பேச முடியவில்லை. அக்கா ஒரு தூணைத் தொட்டுப் பார்த்தாள். இடுப்பு உயரத்தில் ஈரம். தலை உயரத்திலும் ஈரம். கையை முழுக்கத் தூக்கினால் எட்டும் உயரத்துக்கும் மேலே பாசி படிந்த ஒரு கோடு, எல்லாத் தூண்களிலும் ஒரே மட்டத்தில். தண்ணீர் அதுவரை ஏறும்.

தங்கைக்கோ சொர்க்கம். ஒவ்வொரு தூணின் அடியிலும் அதைச் செதுக்கிய கல்தச்சன் ஓர் அடையாளம் வெட்டியிருந்தான். ஒன்றில் மீன், ஒன்றில் உளி, ஒன்றில் ஆறு விரலுள்ள ஒரு கை. தங்கை நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வரைய ஆரம்பித்துவிட்டாள். இனி அவளை நகர்த்த ஜேசிபி வர வேண்டும்.

அக்காவுக்கு மூச்சு முட்டியது, முட்டியும் வலித்தது. வா, போகலாம் என்றாள். தங்கை தலையைத் தூக்கவில்லை.

"நீ மேல போ. கடைசி வரிசையை மட்டும் பாத்துட்டு வந்துடறேன்."

"மணி அடிச்சுட்டா?"

"அடிக்கட்டுமே. என் வில்லை திரும்புற வரைக்கும் போர்டு நிறையாது, அந்தாளு தண்ணிய தொறக்க முடியாது. ஒரு பத்து நிமிஷமாவது என்னை விடேன்கா."

அந்தக் கடைசி வார்த்தை அக்காவைச் சுருக்கென்று தைத்தது. பத்து நிமிடம் விடு என்றா கேட்கிறாள்? யார் இவளைப் பிடித்து வைத்திருக்கிறார்கள்? சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று இருபத்தைந்து வருடம் பார்த்ததற்கு இதுதான் பெயரா? முகத்தைத் திருப்பிக்கொண்டு விறுவிறுவென்று படியேறினாள். கோபம் வந்தால் அக்காவுக்கு முட்டி வலிகூடத் தெரியாது.

மேலே சுற்றுலாக் கூட்டமும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்ததால் வாசலில் நெரிசல். ஆளாளுக்கு வில்லையை நீட்ட, காவலாளி வாங்கி வாங்கி மாட்டிக்கொண்டிருந்தார். பின்னால் ஒருத்தி முதுகு மூட்டையால் அக்காவை இடித்தாள், தங்கை வயசுதான் இருக்கும். அக்கா பைக்குள் கையை விட்டாள், வில்லைக் கட்டை எடுத்தாள், நீட்டினாள். இருபத்திரண்டு வருடமாக லேப் ஜன்னலில் நீட்டுகிற அதே நீட்டல். மனசுக்குள் தங்கை சொன்னதையே மென்றுகொண்டிருந்தாள். காவலாளி கட்டைப் பார்த்தார். இரண்டு விரலைக் காட்டினார், பின்னால் நின்றவளையும் ஒரு பார்வை பார்த்தார். அக்கா ஆமாம் என்று தலையாட்டினாள். இரண்டுதான், எண்ணிக்கொள். அவர் ரப்பர் பேண்டை உருவி அவளிடமே திருப்பித் தந்தார். அவள் அதை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு முற்றத்தில் இறங்கினாள்.

முற்றத்தின் மறுபக்கம் ஒரு டீக்கடை, அதுவும் மூடுகிற கட்டத்தில் இருந்தது. கடைக்காரம்மாவிடம் இரண்டு டீ என்று சைகை காட்டினாள். கோபம் எவ்வளவு இருந்தாலும் டீ இரண்டுதான். தன்னுடையதைக் குடித்தாள். தங்கையுடையதன்மேல் சாஸரைக் கவிழ்த்து மூடி வைத்தாள். வரட்டும், இன்றைக்குப் பேசப் போவதில்லை என்று முடிவு செய்தாள். பிறகு, பாஸ்போர்ட்டைக் கொடுத்துத்தான் தொலைத்தால் என்ன என்றும் ஒரு நினைப்பு வந்தது. வந்த வேகத்தில் போயும் விட்டது.

மணி மூன்று முறை அடித்தது. யாரும் மேலே வரவில்லை. அதில் அவள் ஆச்சரியப்படவில்லை, தங்கை நிதானமாக வருகிறேன் என்றுதானே சொன்னாள்.

கொஞ்ச நேரத்தில் காலுக்கடியில் ஒரு சத்தம் கேட்டது. முற்றத்துக் கல்தரையில் அங்கங்கே இரும்புக் கம்பி போட்ட துவாரங்கள் இருந்தன. அதில் ஒன்று அவள் நாற்காலிக்குப் பக்கத்தில். கீழே எங்கோ லாரி ஓடுவதுபோல ஓர் உறுமல், அதனோடு துவாரத்திலிருந்து ஜில்லென்று காற்று மேலே வந்தது. கடைக்காரம்மா நாற்காலிகளைக் கவிழ்த்து அடுக்க ஆரம்பித்தாள். எதிரே காவலாளி வெளியே வந்தார். இரும்புக் கதவைப் பூட்டினார், அறையைப் பூட்டினார், குடையை அக்குளில் இடுக்கினார்.

பூட்டுகிறாரே? அப்படியானால் பலகை நிறைந்துவிட்டது. அப்படியானால் தங்கை வந்துவிட்டாள். எப்போது வந்தாள், எந்தப் பக்கம் போனாள்? அக்கா எழுந்து நின்று முற்றம் முழுக்கப் பார்த்தாள். வந்திருந்தால் அவள் வில்லையை எப்படிக் கொடுத்திருப்பாள்? அதுதான் என்னிடம் இருக்கிறதே என்று இடுப்புப் பையில் கை வைத்தாள்.

கை வைக்கும்போதுதான் மணிக்கட்டைப் பார்த்தாள். படியிறங்கும்போது கழற்றிய ரப்பர் பேண்டு அதன் இடத்தில் கிடந்தது.

மூடி வைத்த டீக் கோப்பை கீழே விழுந்து உடைந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. முட்டியாவது மண்ணாவது, ஓடினாள். காவலாளியின் கோட்டைப் பிடித்து இழுத்து, என் தங்கச்சி உள்ள இருக்கா, தண்ணிய நிறுத்துங்க, கதவைத் தொறங்க என்று தமிழில் கத்தினாள். வேறு எந்த மொழியும் அவளுக்கு அப்போது ஞாபகம் இல்லை. அவர் பொறுமையாகச் சிரித்தார். ஏதோ கடைசி நேரத்தில் உள்ளே போக ஆசைப்படுகிறாள் என்று நினைத்துவிட்டார் போல. ஜன்னல் கண்ணாடி வழியாகப் பலகையைக் காட்டினார். ஒன்பதைத் தவிர எல்லா ஆணியும் நிறைந்திருந்தது. பதினேழும் பதினெட்டும் அடுத்தடுத்து சமர்த்தாகத் தொங்கின. இரண்டு விரலைக் காட்டினார். நீதானே தலையாட்டினாய்?

அவள் இல்லை இல்லை என்று தலையை உலுக்கினாள். ஒரு விரலைக் காட்டினாள். தன்னைத் தொட்டாள், தரையைக் காட்டினாள். அவர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். கால் மணியில் கழுத்து. அதில் எத்தனை நிமிடம் ஏற்கெனவே போய்விட்டது? காலடியில் உறுமல் கூடிக்கொண்டே போனது.

அப்போது அவளுக்கு என்ன தோன்றியதோ, மணிக்கட்டிலிருந்து அந்த ரப்பர் பேண்டை உருவினாள். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து வைத்து, அதைச் சுற்றி மாட்டி, அவர் கண்ணுக்கு நேரே பிடித்தாள். பிறகு ஆள்காட்டி விரலை மட்டும் உருவித் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டாள். ரப்பர் பேண்டு தொங்கிய மற்ற விரலைத் தரையிலிருந்த துவாரத்துக்கு நேரே காட்டினாள்.

காவலாளியின் முகம் வெளிறிப்போனதைப் பார்த்தாள். குடை கீழே விழுந்தது.

அந்த மனிதர் அந்த வயதில் அப்படி ஓடுவார் என்று யாராலும் சொல்ல முடியாது. அறையைத் திறந்து சக்கரத்தில் தொங்கினார். அக்காவும் எதிர்ப்பக்கம் பிடித்துத் தன் பலம் முழுவதையும் போட்டாள். அது நகர மறுத்தது, பிறகு முனகிக்கொண்டு திரும்பியது, எட்டுச் சுற்றோ பத்துச் சுற்றோ. உறுமல் அடங்கியது. இரும்புக் கதவைத் திறந்து விளக்கைப் போட்டார், இருவரும் படியிறங்கி ஓடினார்கள். ஐம்பத்திரண்டு படிகளில் கடைசிப் பத்தைக் காணவில்லை. கறுப்புத் தண்ணீர் ஆடிக்கொண்டிருந்தது, அதன்மேல் பாதைப் பலகைகள் மிதந்தன.

அக்கா தங்கையைக் கூப்பிட்டாள். நூறு தூணும் அவள் குரலைத் திருப்பித் திருப்பி அவளுக்கே தந்தன. அது அடங்கியதும் ஒரு சத்தமும் இல்லை. ஆறு வயதுப் பிள்ளையைக் கடைத்தெருவில் தேடியபோதுகூடச் சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள், கேட்க வாய் இருந்தது. இங்கே தண்ணீர் மட்டும்தான் இருந்தது. நான்தான் கொன்றேன், என் கையால்தான் கொடுத்தேன் என்று அவள் மனசு ஓயாமல் சொன்னது.

வெகு தூரத்திலிருந்து தண்ணீர் அளையும் ஓசை கேட்டது. பிறகு ஓர் இருமல்.

காவலாளி மழைக்கோட்டோடு தண்ணீருக்குள் இறங்கினார். மார்பளவு, கழுத்தளவு, பிறகு நீந்தினார். ஒரு பலகையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, தூணுக்குத் தூண் உதைத்து வந்துகொண்டிருந்தவளைச் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து வந்தார். ஒரு ஷூ இல்லை, நோட்டுப் புத்தகம் இல்லை, கண்ணாடி இல்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. அக்கா தண்ணீருக்குள் இரண்டு படி இறங்கி அவளை அள்ளிக் கட்டிக்கொண்டு, ஐயோ என் தங்கமே என்று குலுங்கிக் குலுங்கி அழுதாள். தங்கை அழவில்லை. கட்டிக்கொள்ளவும் இல்லை. பற்கள் மட்டும் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டன.

மேலே அறையில் காவலாளி தன் கம்பளியைத் தங்கைக்குப் போர்த்தினார். தன் சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டப் பலகையிலிருந்து பதினேழாம் வில்லையைக் கழற்றினார். அக்கா வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினாள். அவர் அந்தக் கையைத் தள்ளிவிட்டுத் தங்கையின் உள்ளங்கையில் வைத்தார். தங்கை எழுந்து போய்த் தானே அதை ஆணியில் மாட்டினாள். மாட்டியதும் அவர் கறுப்பு ஆணியின் பக்கம் திரும்பி ஒரு நிமிடம் நின்றார், பிறகு உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"தண்ணி வந்தப்பகூட நான் ஓடலக்கா" என்றாள் தங்கை. குரல் அமைதியாக இருந்தது. "ஏதோ கசியுதுன்னு நெனச்சேன். என் வில்லை உன்கிட்ட இருக்கே, எப்படி தொறப்பாங்கன்னு நெனச்சேன். லைட் அணையிற வரைக்கும் வரைஞ்சுட்டு இருந்தேன்."

அக்கா அவள் காலைப் பிடிக்காத குறையாக, ஞாபகமே இல்லடி, கை தானா குடுத்துடுச்சு என்றாள். ஒன்றாகக் கட்டியிருந்தது, அப்படியே கொடுத்துவிட்டேன் என்றாள்.

"ஒரு ஆளுக்கு ஒரு ரப்பர் பேண்டுன்னு நீதானேக்கா சொல்லுவ."

தங்கை கையை நீட்டினாள். காலையில் நீட்டிய அதே கை. எதற்கு என்று அக்கா கேட்கவில்லை. இடுப்புப் பையைத் திறந்தாள். இரண்டு பாஸ்போர்ட்டும் ஒன்றின்மேல் ஒன்றாக, இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டியிருந்தன. விரல்கள் மரத்துப் போயிருந்தன, எவ்வளவு முயன்றும் அவளால் அந்தக் கட்டை அவிழ்க்க முடியவில்லை. தங்கையே வாங்கி ரப்பர் பேண்டை உருவினாள். தன்னுடையதை எடுத்துக்கொண்டாள், மற்றதை அக்காவின் மடியில் வைத்தாள்.